திரும்பிப் பார்த்தால் அவுட்

பகல் இரண்டு மணி இருபது நிமிடத்துக்கு எங்கள் வீட்டு மணிக்கயிறு மூன்று முறை ஆடியது.

ரங்கூனில் மாடி வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் இப்படி ஒரு கயிறு உண்டு. பால்கனியிலிருந்து தெருவரைக்கும் தொங்கும். மேல்முனையில் சின்ன மணி, கீழ்முனையில் ஒரு கிளிப். பேப்பர் போடுகிறவர் பேப்பரைச் செருகிவிட்டு ஒரு முறை இழுப்பார், நாங்கள் மேலே தூக்கிக்கொள்வோம். மூன்று முறை இழுப்பது யாருடைய வழக்கமும் இல்லை. நான்தான் ஓடிப்போய்க் கயிற்றைத் தூக்கினேன். கிளிப்பில் ஒரு சிகரெட் அட்டை இருந்தது. அதன் பின்புறம், கீழே இருந்த டீக்கடைக்காரரின் கோணல் எழுத்தில், அண்ணனின் பெயர். வேறு ஒரு வார்த்தையும் இல்லை.

அப்பா போட்டாதாங் துறைமுகக் கிடங்கில் மூட்டை எண்ணும் குமாஸ்தா. கிடங்கு சில வாரமாக மூடிக் கிடந்ததால் வீட்டில் இருந்தார். தலைபோகிற காரியமானாலும் முதலில் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் மற்றதைப் பார்ப்பார். "ரெண்டு இருவது" என்றார். அதற்குப் பிறகுதான் அட்டையை வாங்கிப் படித்தார். படித்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அது எண்பத்தெட்டாம் வருஷம், மழை ஓயும் சமயம். அண்ணன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தான். அந்த வருஷம் ஆட்சியை எதிர்த்து ஊரே தெருவில் இறங்கி நின்றது, அவனும் நின்றான். நின்றதோடு விடாமல் ஒரு லாரியின் மேல் ஏறி மைக்கில் பேசியும் விட்டான். இப்போது பட்டாளம் வந்து ஊர் அடங்கிப்போயிருந்தது. பட்டியல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக வந்தார்கள். பட்டியலில் பெயர் இருந்தவர்கள் லாரியில் ஏறினார்கள். அவர்கள் எங்கே என்று கேட்கப் போன தகப்பன்மார்களுக்குப் பதில் கிடைக்கவில்லை. எனக்கு அப்போது பத்து வயது. பள்ளிக்கூடம் மாதக்கணக்கில் மூடிக் கிடந்ததால், உண்மையைச் சொன்னால், எனக்கு அது நல்ல வருஷமாகவே இருந்தது.

இன்று எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். வீட்டுக்கு வர அவள் கால்மணி நேரம் தாமதித்தால் நான் ஐந்து முறை போன் செய்துவிடுவேன். "ஏம்மா இத்தன தரம் கூப்பிடற?" என்று பாதித் தமிழும் பாதி பர்மியமுமாகச் சலித்துக்கொள்வாள். அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அண்ணனின் பெயரை மட்டும் எழுதப்போவதில்லை. தாளில் ஏறிய பெயர்கள் என்ன ஆயின என்று பார்த்தவள் நான்.

எங்கள் கட்டடத்தின் பின்பக்கம், கீழ்த்தளத்தில், ஒரு குடை ரிப்பேர்க்காரர் இருந்தார். வெள்ளைக்காரர். ஆனால் நாற்பது வருஷம் எங்கள் பபேடான் பேட்டை வெயிலில் உட்கார்ந்து குடை தைத்ததில் வெள்ளை நன்றாக மங்கியிருந்தது. பர்மியர்கள் அவரை ஊ தீ என்பார்கள். ஊ என்பது மரியாதைக்கு. தீ என்றால் பர்மிய மொழியில் குடை. தமிழ்ப் பிள்ளைகளான எங்களுக்குத் தீ என்றால் நெருப்புத்தான். ஆகவே அவர் பெரிய கோபக்காரர் என்று நாங்களே முடிவு செய்து வைத்திருந்தோம். அவர் கோபப்பட்டு ஒருநாளும் பார்த்ததில்லை என்பது எங்கள் முடிவை மாற்றவில்லை.

அவர் யூதர். சனிக்கிழமைதோறும் சட்டை மாற்றிக்கொண்டு இருபத்தாறாம் தெரு யூதக் கோயிலுக்குப் போவார். பிறந்த ஊர் பெல்ஜியம் என்பார். பெல்ஜியம் என்றால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தாத்தா காலத்துக் கண்ணாடி ஒன்று கூடத்தில் மாட்டியிருந்தது, அதைப் பெல்ஜியம் கண்ணாடி என்று அப்பா வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொள்வார். அங்கே கண்ணாடி மட்டுமல்லாமல் மனிதர்களும் செய்கிறார்கள் என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. உலகச் சண்டை முடிந்தபோது அவரிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு உறவினர் விலாசம், அது ரங்கூனில் இருந்தது, அதனால் கப்பலேறி வந்துவிட்டார். அந்த உறவினரும் மற்றவர்களும் பிற்பாடு வேறு நாடுகளுக்குப் போய்விட்டார்கள். இவர் போகவில்லை.

அவருடைய தமிழ் எங்கள் தெருவிலேயே கற்றுக்கொண்ட தமிழ். அதில் வினைச்சொல்லுக்கு ஒரே வால்தான். நானும் வந்தான், நீயும் வந்தான், மழையும் வந்தான். பெண்பால் என்ற ஒன்று அந்தத் தமிழில் கிடையாது. "உங்கம்மா நல்லா ரசம் வைக்கறான், கேட்டு வாங்கிட்டு வா" என்று கிண்ணத்தைக் கொடுத்தனுப்புவார். அம்மா சிரித்துக்கொண்டே ஊற்றிக் கொடுப்பாள்.

இரண்டு இருபதுக்குப் பிறகு ஐந்து நிமிடத்துக்குள் அண்ணனைப் பின்மாடிப்படி வழியாக இறக்கி அவருடைய அறையில் விட்டோம்.

"ஒரு வாரம் ஒளிச்சு வெச்சிருங்க, ஊ. அதுக்குள்ள வழி பண்ணிடறேன்" என்றார் அப்பா.

"ஒளிச்சு வைக்க மாட்டான்" என்றார் ஊ தீ. அப்பாவின் முகம் செத்துப்போயிற்று. "ஒளிஞ்சவனத்தான் தேடுவான். வேலை செய்யறவன யாரு தேடுவான்? நான் உனக்குக் கதை சொல்றான், உக்காரு."

அண்ணனின் உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தபோது அவர் கதை சொல்ல ஆரம்பித்தது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்திருந்தது.

"எங்க ஊர ஜெர்மன்காரன் பிடிச்சான். யூதன எல்லாம் பட்டியல் போட்டான். எனக்கு அப்ப இருவத்திரெண்டு வயசு. பெரிய பட்டாளக் கொட்டடில அடைச்சான். அப்பப்ப ஒரு ரயில் வருவான், ஏத்திக்கிட்டுப் போவான். போனவன் ஒருத்தனும் கடுதாசி போடல. நான் யோசனை பண்ணான். கொட்டடி ஆபீசர் குடை எல்லாம் கம்பி ஒடஞ்சு கிடந்தான். எங்கப்பா குடைக்காரன், நானும் குடைக்காரன். ரிப்பேர் பண்ணான். ஒரு நாள் பட்டப்பகல்ல பத்துக் குடையக் கட்டித் தோள்ல போட்டான், துணி வாங்கிட்டு வரான்னு சொன்னான், கேட்ட தாண்டி நடந்தான். காவக்காரன் கூப்பிட்டான்."

"ஐயோ! கூப்பிட்டு?" என்றேன்.

"என் குடையும் ஒண்ணு இருக்கான், நாளைக்குத் தரான்னு சொன்னான்."

அப்பாவுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது.

அதன் பிறகு இரண்டு வருஷம் அவர் ஓடவில்லை, ஒளியவில்லை. வேறொரு பெயரில், வேறொரு அடையாள அட்டையில், குடை ரிப்பேர் என்று கூவிக்கொண்டு ஊர் ஊராக நடந்தார். ஜெர்மன்காரர்களை எதிர்த்து ரகசியமாக வேலை செய்தவர்களுக்கு அவர்தான் தபால்காரர். குடையின் நடுக்கம்பி உள்ளே குழல். அந்தக் குழலுக்குள் சுருட்டிய தாள்கள் போயின. தாய் தகப்பனிடமிருந்து பிரித்து, பண்ணை வீடுகளில் வேறு பெயர்களில் மறைத்து வைத்திருந்த யூதப் பிள்ளைகளின் விலாசங்கள், அவர்களுக்கான ரேஷன் சீட்டுகள். குடைக்காரன் எந்த வீட்டுக் கதவையும் தட்டலாம், எவரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

"பதினாறு பிள்ளை" என்றார். "பதினாறும் பொழைச்சான்."

வருஷா வருஷம் அவருக்கு வெளிநாடுகளிலிருந்து கடிதங்கள் வரும். தபால்தலைகளைக் கிழித்து எனக்குக் கொடுப்பார். யார் எழுதியது என்று கேட்டால், பிள்ளைங்க என்பார். கல்யாணமே செய்யாத மனிதருக்குப் பதினாறு பிள்ளைகள் எப்படி என்று நான் அம்மாவைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டது முன்பே நடந்திருந்தது.

திட்டம் எளிது. போட்டாதாங் படகுத்துறையில் ஏறி ஆற்றைக் கடந்தால் அக்கரையிலிருந்து கியாக்தானுக்குக் கார் உண்டு. கியாக்தானில் அம்மாவின் சித்தப்பா நெல் விவசாயம் செய்துகொண்டிருந்தார். அங்கிருந்து எல்லைப்பக்கம் கூட்டிப்போக ஆள் இருந்தது. அண்ணன் குடைக்கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பட்டப்பகலில், குடைக்காரனாக நடந்து போகவேண்டும். ஊ தீயிடம் வேலை பார்த்துவிட்டு மேல் பர்மாவுக்குத் திரும்பிப்போன ஒருவனின் அட்டை அவரிடம் இருந்தது. ஈரம் பட்டுப் படத்தில் முகம் பாதி அழிந்திருந்தது. அந்த ஆளுக்குத் தமிழ் தெரியாது. ஆகவே அண்ணனுக்கும் இனிமேல் தமிழ் தெரியாது.

"அட்டை கிடைப்பான், உடுப்பு கிடைப்பான்" என்றார் ஊ தீ. "கழுத்துதான் கஷ்டம். பின்னாடி நின்னு சொந்தப் பேரு சொல்லிக் கூப்பிட்டா, கழுத்து மூளையக் கேக்க மாட்டான். தானே திரும்புவான். எங்க ஆளு எத்தனை பேரு அப்படிப் பிடிபட்டான் தெரியுமா?"

அன்றைக்கே ஆட்டம் தொடங்கியது. அவருடைய அறைக்கும் கொல்லைக் கதவுக்கும் நடுவே நீளமான நடை ஒன்று இருந்தது. அண்ணன் குடைக்கட்டோடு அந்த நடையில் போவான். அப்பா, டீக்கடைக்காரர், நான், மூவரும் பின்னாலிருந்து கூப்பிட வேண்டும். எப்போது கூப்பிடுவோம் என்று சொல்லக்கூடாது. திரும்பிப் பார்த்தால் அவுட். அவுட்டாக்கியவருக்கு ஒரு துண்டு பனைவெல்லம்.

முதல் நாள் நான் ஏழு வெல்லம் ஜெயித்தேன். "டேய், காலேஜ் படிச்சவனுக்கு ஒரு கழுத்த அடக்கத் தெரியலயே" என்று டீக்கடைக்காரர் கேலி செய்தார். மறுநாள் எனக்கு இரண்டே வெல்லம். மூன்றாம் நாள் ஒன்றும் கிடைக்கவில்லை. கத்தினோம், கிசுகிசுத்தோம், அவன் சாப்பிடும்போது கூப்பிட்டோம், கண்ணயர்ந்தபோது கூப்பிட்டோம். அண்ணனின் பெயர் அண்ணனுக்கு யாரோ ஒருவருடைய பெயர் ஆகிவிட்டது. ஊ தீ திருப்தியாகத் தலையாட்டினார்.

அம்மா மட்டும் படியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு தரம்கூட அவள் கூப்பிடவில்லை. அது ஏன் என்று ஊ தீக்குத் தெரியாது, அப்பாவுக்கும் டீக்கடைக்காரருக்கும் அதைச் சொல்லவேண்டும் என்று தோன்றவில்லை. எங்களில் எவருக்கும் விளக்கத் தேவையில்லாத விஷயம் அது. அண்ணனுக்கு வைத்திருந்தது தாத்தாவின் பெயர். அம்மாவுக்கு அது மாமனார் பெயர். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்வாளா? பெற்ற நாளிலிருந்து அம்மா அவனை ஐயாக்கண்ணு என்றுதான் கூப்பிட்டாள்.

மூன்றாம் நாள் பிற்பகல், வெல்ல ஆசையில், நான் மூக்கைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டு அம்மாவின் குரலில் ராகம் போட்டேன்: "ஐயாக்கண்ணூ!"

"என்னம்மா?" என்று தமிழில் கேட்டுக்கொண்டே அண்ணன் முழுசாகத் திரும்பினான். குடைகள் தரையில் சிதறின.

"அவுட்! அவுட்!" என்று குதித்தேன்.

"இது அழுகுணி ஆட்டம்" என்றார் அப்பா. "பேரச் சொல்லித்தானே கூப்பிடணும்?"

ஊ தீ எழுந்து நின்றுவிட்டார். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. "அது என்ன வார்த்தை? யாரு கூப்பிடற வார்த்தை?" அப்பா மாமனார் பெயர் விஷயத்தை எடுத்துச் சொன்னார். படகுத்துறையில் பட்டாளத்துக்கு ஆள் அடையாளம் காட்ட உட்காரும் வார்டு ஆபீஸ்காரர் எங்கள் தெருவிலேயே எங்களோடு வளர்ந்தவர், தமிழ் எங்களைப்போலவே பேசுவார் என்பதையும் டீக்கடைக்காரர் சேர்த்துக்கொண்டார். ஊ தீ படிக்கு வந்து அம்மாவின் எதிரில் நின்றார்.

"நீ வா. நீ கூப்பிடு."

"நான் கூப்பிட்டு எம்பிள்ள திரும்பக்கூடாதா?" என்றாள் அம்மா.

"கூடாது."

அன்று பொழுது சாயும்வரை அம்மா கூப்பிட்டாள். அவன் திரும்பினான். மறுபடி கூப்பிட்டாள், மறுபடி திரும்பினான். அவன் தோள் அசைந்தால்கூட ஊ தீ இன்னொரு தரம் என்பார். கடைசியில், எத்தனையாவது தரமோ, அம்மா ஆசையாகக் கூப்பிட்டாள், அவன் கேட்காதவன்போல நேரே நடந்து கொல்லைக் கதவைத் தொட்டான். நான் கைதட்டினேன். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். அவளுக்கு ஒரு வெல்லமும் கிடைக்காததுதான் வருத்தம் என்று நினைத்து, என்னுடையதில் பெரிய துண்டு ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள், சாப்பிடவில்லை.

திரும்பி வந்து ஊ தீயிடம் கேட்டேன்: "உங்கள யாராவது அப்படிக் கூப்பிட்டாங்களா?"

"ஒரே ஒரு தரம். ரயிலடிகிட்ட. எங்க வீட்டுச் செல்லப்பேரு சொல்லிக் கூப்பிட்டான்."

"திரும்பிட்டீங்களா?"

"தோள்ல குடை இருந்தான். குடைக்குள்ள பதினாறு பிள்ளை இருந்தான். திரும்பல."

"அப்ப நீங்கதான் ஜெயிச்சீங்க!" என்று அவருக்கும் கைதட்டினேன்.

"ஆமா. ஜெயிச்சான்" என்றார். டப்பாவில் மிச்சமிருந்த வெல்லம் முழுவதையும் என் கையில் கொட்டிவிட்டு, ஒரு குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதில் ரிப்பேர் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

மறுநாள் காலை கிடங்கு மறுபடி திறந்தது, அப்பா வேலைக்குப் போனார். பத்து மணிக்கு அண்ணன் கிளம்பினான். தாயைப் படகுத்துறைக்கு விடாதே என்று ஊ தீ அப்பாவிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆனால் அப்பாவுக்குத் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோவது அம்மாவின் தினப்படி வேலை, கிடங்கு இருப்பதோ படகுத்துறைக்கு எதிரில். நானும் கூடப் போனேன்.

துறையில் பட்டாளத்துக்காரர்கள் இரண்டு பேர் அட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஸ்டூல் போட்டு வார்டு ஆபீஸ்காரர். அண்ணன் அட்டை காட்டியாயிற்று. குடைக்கட்டோடு, படகுக்குப் போட்டிருந்த பலகைக்கு முன்னால், வரிசையில் ஆறாவது ஆளாக, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றான். வார்டு ஆபீஸ்காரர் அம்மாவைப் பார்த்துவிட்டார்.

"என்னக்கா, சோறு ஒரு ஆளுக்கா, ரெண்டு ஆளுக்கா?"

"வீட்டுக்காரருக்கு, தம்பி."

"மகன் எங்க?"

"தெரியலயே. நீங்க பார்த்தாச் சொல்லுங்க, நானும் அதத்தான் எல்லாரையும் கேட்டுக்கிட்டிருக்கேன்."

அம்மா இப்படியெல்லாம் பேசுவாள் என்று எனக்கு அதுவரை தெரியாது. அவர் வரிசையை ஒருமுறை பார்த்தார்.

"கூப்பிட்டுத்தான் பாரேன். இங்க இருந்தா வரட்டும்."

"அது எங்க மாமனார் பேரு. நான் வாயால சொல்றதில்ல."

"அது தெரியாதா எனக்கு? உங்க வீட்டுத் தோசை தின்னு வளந்தவன் நான்." சிரித்துக்கொண்டே ஸ்டூலிலிருந்து எழுந்தார். அம்மாவை அவர் பார்க்கவில்லை, வரிசையில் நின்றவர்களின் கழுத்துகளைப் பார்த்தார். "நீ எப்பவும் கூப்பிடற பேரச் சொல்லிக் கூப்பிடு. சத்தமா."

அம்மா தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள்.

"ஐயாக்கண்ணு!"

அண்ணனைப் பார்க்கக்கூடாது என்பது எனக்கு விதித்திருந்த விதி. மீறி ஓரக்கண்ணால் பார்த்தேன். குடைகள் அசையவில்லை.

"இன்னும் சத்தமா."

"ஐயாக்கண்ணூ!"

வரிசை ஓரடி நகர்ந்தது. அவனும் ஓரடி நகர்ந்தான். மூன்றாவது தரம் கூப்பிடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அம்மாவாகவே கூப்பிட்டாள். ஆறு முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டாள்.

கிடங்குப் பக்கமிருந்து, தலையில் மூட்டையோடு, ஒரு வயதான சுமைக்கூலி மூச்சிரைக்க ஓடிவந்தார். "எத்தன தரம்மா கூப்பிடுவ? வந்துட்டேன்ல? என்ன, வூட்ல யாருக்காவது உடம்பு கிடம்பு சரியில்லயா?" அந்த மனிதரின் பெயரே ஐயாக்கண்ணு. வரிசையே சிரித்தது. விஷயம் புரியாத பட்டாளத்துக்காரர்களும் சிரித்தார்கள். வார்டு ஆபீஸ்காரர் கையை உதறிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். அந்தச் சிரிப்புக்கு நடுவில் என் அண்ணன் பலகையில் ஏறி, படகுக்குள் போய், எங்களுக்கு முதுகைக் காட்டியபடியே ஆற்றைப் பார்த்து உட்கார்ந்தான்.

எனக்கு அன்று வந்த பெருமை இன்னும் போகவில்லை. அப்படி ஒரு கழுத்து என் அண்ணனுக்கு. அப்படி ஒரு குரல் என் அம்மாவுக்கு. ஓடிப்போய் ஊ தீயிடம், "திரும்பவே இல்ல, மூணு தரமும் திரும்பவே இல்ல!" என்று கத்தினேன். அவர் தலையைத் தடவிக் கொடுத்தார். "அம்மா எங்கே? அவன் கூடப் போய் இரு" என்றார்.

நான்கைந்து வருஷம் கழித்து ஊ தீ காலமானார். ஜெபம் சொல்ல அவர்கள் முறைப்படி பத்து யூத ஆண்கள் வேண்டுமாம். ஊரில் அத்தனை பேர் இல்லை. கணக்கில் சேரமாட்டார்கள் என்று தெரிந்தும் அப்பாவும் டீக்கடைக்காரரும் போய்த் தலையில் துணி போட்டுக்கொண்டு நின்றார்கள். பதினாறு விலாசங்களுக்கும் நான்தான் கடிதம் எழுதினேன். பதிமூன்று பேரிடமிருந்து பதில் வந்தது.

படகேறிப் போய்ப் பத்தொன்பது வருஷம் கழித்து, ஒரு நாள் மாலை, அண்ணன் வந்தான். வேறொரு நாட்டுப் பாஸ்போர்ட்டில், ஒரு வாரம் தங்க. தலை பாதி நரைத்திருந்தது. என் மகள் அவனை இங்கிலீஷில் வரவேற்றாள். அம்மா ரசம் வைக்க உள்ளே போனாள். அவன் பால்கனியில் நின்று, அதே மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தான். ஊ தீயைப் பற்றித்தான் முதலில் கேட்டான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ரயிலடியில் எவனோ கூப்பிட்டும் அவர் திரும்பாததையும், நான் கைதட்டியதையும் சொல்லிச் சிரித்தேன்.

அண்ணன் சிரிக்கவில்லை. தன் அறையில் இருந்த அந்த நான்கு நாளும் ஊ தீ அவனோடு இங்கிலீஷில் பேசியிருக்கிறார். இங்கிலீஷில் அவருக்கு ஆண்பால் பெண்பால் தவறாது.

"கூப்பிட்டது எவனோ இல்ல. அவரோட தங்கச்சி" என்றான். "பதினஞ்சு வயசு. ரயிலுக்கு ஏத்திக்கிட்டுப் போன லாரியில இருந்து கூப்பிட்டிருக்கா."

நான் என் கைகளைப் பார்த்துக்கொண்டேன். அந்தக் கைகளால்தான் தட்டியிருந்தேன். ஒரு டப்பா வெல்லத்தையும் அந்தக் கைகளில்தான் வாங்கியிருந்தேன்.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. வயதாகிக் கொஞ்சம் உடைந்திருந்தது, ராகம் மட்டும் மாறவில்லை.

"ஐயாக்கண்ணு! சாப்பிட வா."

அண்ணன் திரும்பவில்லை. தெருவைப் பார்த்தபடியே நின்றான். பத்தொன்பது வருஷத்தில் அந்தக் கழுத்து திரும்பவே மறந்துவிட்டதோ என்று பயந்தேன். அம்மா கையில் கரண்டியோடு கூடத்துக்கு வந்து, மறுபடி கூப்பிட்டாள்.

அவன் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டான். முகம் தெருவைப் பார்த்திருக்க, தோள்கள் மட்டும் குலுங்கின.

"இன்னொரு தரம் கூப்பிடும்மா" என்றான்.